புழு வீட்டுக்குப் போன கம்ப்யூட்டர்

எனக்கு எதுவும் மெதுவாக நடந்தால் பிடிக்காது. இண்டூர் பக்கம் எங்கள் வீட்டில் என் கணவர் பட்டுப்புழு வளர்க்கிறார், நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இருப்பதிலேயே மலிவான பிராசசர் போட்ட கம்ப்யூட்டர் என்னுடையது. யூடியூபைப் பார்த்து அதை ஓவர்கிளாக் செய்து வைத்திருந்தேன். அதாவது, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட விடுவது. சூட்டைத் தணிக்க, பிராசசரோடு டப்பாவில் சும்மா வந்த சின்ன ஃபேன்தான். மார்கழியில் ஜம்மென்று ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்திரையில் தர்மபுரியிலிருந்து ஒரு நிக்காஹ் வீடியோ வந்தது. பெண்ணின் அப்பாவுக்குச் சவூதியில் வேலை. லீவு கிடைக்காமல் ஒரே மகளின் கல்யாணத்துக்கே வர முடியவில்லை. "வெள்ளிக்கிழமதான் தங்கச்சி எனக்கு லீவு. ஜும்மா தொழுகைய முடிச்சுட்டு வந்து பாக்கற மாதிரி அனுப்பிடுங்க" என்று போனில் கெஞ்சாத குறையாகக் கேட்டார். "அதுக்கென்னங்கண்ணா, அனுப்பிடறேன்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை, எடிட் செய்த படத்தை ஒரே ஃபைலாக்க ஓட விட்டேன். பாதியில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோனது. சூடு. மறுபடி முதலிலிருந்து ஓட விட்டேன், மறுபடி அணைந்தது. மூன்றாம் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. எங்களிடம் இருப்பதிலேயே குளுகுளுவென்ற இடம் புழு வீடு. சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கும். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்து ஓட விட்டேன்.

மல்பெரித் தழைக் கட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏன் புள்ள, இதுக்கும் தழை போடணுமா?" என்றார். கிட்டே வந்து பெட்டியைத் தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்தார். "அடிப்பாவி, இன்னும் நாலு நாள்ல கூடு கட்டற புழுவுங்க. வேக வெச்சிருவ போலிருக்குதே! ஈரத்துல ஷாக் வேற அடிக்கும். மொதல்ல தூக்கு இத."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்குப் புழுதான் பெருசு!" என்று கத்திவிட்டுப் பெட்டியோடு வெளியே வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வெட்கமாக இருந்தது. ஓவர்கிளாக்கில் மிச்சமாவது அரை மணி நேரம். அதற்காக ஒரு பகலையே தொலைத்திருக்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே வேகத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கே இறக்கி, ஓட விட்டுவிட்டு, போய்ப் புழுவுக்குத் தழை போட்டேன். திரும்பி வந்தபோது முக்கால் படம் முடிந்திருந்தது. அணையவில்லை. அப்பாடா! அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரப் படம். நம் நேரப்படி மூன்றரைக்குப் பெண்ணின் அப்பா பார்க்க ஆரம்பித்திருப்பார். ஐந்தாகியும் போன் வரவில்லை, ஆறாகியும் வரவில்லை. ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"படம் ஓடலீங்களாண்ணா?" என்றேன்.

"ஓடுது தங்கச்சி. புள்ள மொகம் வர்ற எடத்துல எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். பாதிதான் ஆயிருக்குது. மீதிய அடுத்த வெள்ளிக்கு வெச்சிருக்கேன்."