ஒத்திக்குப் போன கிணறு

அந்த இரும்பு உருளை இப்போது என் வீட்டுப் பின்கட்டு உத்தரத்தில் தொங்குகிறது. கீழே கிணறு கிடையாது. கயிறும் கிடையாது. விரலால் சுற்றினால் கிரீச்சென்று ஒரு சத்தம் வரும். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கிணற்றில் விடியற்காலையில் அம்மா தண்ணீர் இறைக்கும்போது வந்த அதே சத்தம். அதைக் கேட்டுத்தான் அண்ணன் எழுந்திருப்பார். அதனால் அதற்கு எண்ணெய் போட விடமாட்டார். எங்கள் பக்கத்தில் பாதிக் கிணறு உப்பு. எங்கள் கிணறு நல்ல தண்ணீர். பருப்பு இதில்தான் வேகும் என்று அடுத்த தெருவிலிருந்தெல்லாம் குடத்தோடு வருவார்கள்.

அண்ணன் சுகாதாரத் துறையில் அம்மை குத்துகிற வேலையில் இருந்தார். ஐம்பதுகளின் கடைசி. சாணார்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு சைக்கிளில் போவார். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அதிகாரம் பண்ணிக்கொண்டு போனால் ஒருவரும் கையை நீட்டமாட்டார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, "ஆத்தா, வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவார். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய வீட்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் ஆத்தாளையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை கதவு திறக்காது. அப்படி ஒரு வீட்டில் கத்தரிக்காயைச் சாக்கில் போட்டு சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டார்கள். வழியில் ஜீப்பில் வந்த மேலதிகாரி அதைப் பார்த்தார். குத்தாமலே குத்தியதாக எழுத வாங்கிய லஞ்சம் என்று முடிவுகட்டினார். விசாரணை இல்லை. ஒரு கேள்விகூட இல்லை. வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. கத்தரிக்காய்க்கு.

அந்த அதிகாரிக்கு மேலே இருந்தவர்களுக்கு அண்ணன் மனுப் போட்டார். ஒரே வரியில் தள்ளினார்கள். மிச்சம் இருந்தது மெட்ராஸ் ஹைகோர்ட். அதற்கு வக்கீல் வேண்டும். வேலை போனவனிடம் வக்கீலுக்குக் கொடுக்க என்ன இருக்கும்? வீட்டை ஒத்திக்கு விட்டார். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தவர் வாடகை இல்லாமல் குடியிருப்பார். தொகையைத் திருப்பிக் கொடுக்கிற அன்று வீடு நம்முடையது. பேகம்பூர்ப் பூட்டு வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அம்மா, அண்ணன், நான் மூவரும் இரண்டு தெரு தள்ளி ஓர் அறைக்குப் போனோம். நான் லாரி ஷெட்டில் வேலை பார்த்தேன். என் சம்பளத்தில் அரை வயிறு நிறைந்தது, மீதிக்குக் கடன்.

தினமும் அம்மா குடத்தோடு எங்கள் வீட்டு வாசலிலேயே போய் நிற்பாள்.

"உள்ள வாங்கம்மா, உங்க கிணறுதானே" என்பார் வியாபாரி.

"இருக்கட்டும் பாய். இப்ப உங்க கிணறு. கேட்டுத்தான் இறைக்கணும்."

வழக்கில் ஜெயித்தால் வக்கீல் செலவையும் சர்க்காரே தரவேண்டும் என்று கேட்டிருப்பதாக வக்கீல் சொல்லியிருந்தார். அண்ணன் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். "பீஸ் திரும்பி வந்ததும் ஒத்தியத் திருப்பிருவோம்மா" என்று அடிக்கடி சொல்வார்.

"கத்தரிக்காய்க்கு வேலையப் புடுங்குனவன், காச மட்டும் தட்டுல வச்சுத் தருவானாக்கும்" என்றேன் ஒரு நாள்.

"ஏலே, தப்புப் பண்ணது அவுங்க. அம்புட்டுச் செலவையும் நம்ம ஏன்டா சுமக்கணும்?" என்றார்.

அறுபதுகளில் தீர்ப்பு வந்தது. நீக்கியது செல்லாது, மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும். அம்மா அழுதாள். கடைசி வரியை அண்ணன் மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார். செலவை அவரவரே ஏற்க வேண்டும். நிலுவைச் சம்பளம் வந்தது. அது மளிகைக் கடைக்கும் கைமாற்றுக்கும் அப்படியே போயிற்று. வக்கீலிடம், "செலவுக்காக மட்டும் அப்பீல் போகலாமா சார்?" என்று கேட்டார். "போகலாம். அதுக்கும் பீஸ் ஆகும்" என்ற வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் துறைக்கே எழுதிக் கேட்டார். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. விசாரிக்காமல் ஒருவனைத் துரத்த மட்டும் எந்த விதி இடம் கொடுத்தது? தப்புச் செய்த அதிகாரி தன் வீட்டில் படுத்துத் தூங்கினார். ஜெயித்தவன் வீடுதான் போயிற்று.

ஒத்திக் கெடு முடிந்த பிறகும் வியாபாரி பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் அவரையும் குறை சொல்ல முடியாது. அண்ணன் வீட்டை அவருக்கே கிரயம் எழுதிக் கொடுத்தார். மோட்டார் போடப்போவதாகச் சொன்ன வியாபாரி உருளையைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்தார். "இது உங்கம்மா கைபட்டது. நீங்களே வச்சுக்கங்க." அந்த வழக்கில் எங்களுக்குத் திரும்பி வந்த செலவு அதுதான்.

மறுபடி வேலைக்குப் போன அண்ணன் சைக்கிள் கேரியரைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் போனார். எங்கள் பழைய தெரு வழியாக மட்டும் கடைசிவரை போகவில்லை. சுற்றித்தான் போவார். அம்மா கடைசி நாட்களில் எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும், "உப்புக் கரிக்குதுப்பா" என்பாள். அண்ணன் டம்ளரை வாங்கிக்கொள்வார்.

இருவரும் போய்விட்டார்கள். போன வாரம் மருமகள், "மாமா, காது கூசுது. இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். விடியற்காலையில் போய் ஒரு சுற்றுச் சுற்றுகிறேன். கிரீச்சென்கிறது. எழுந்திருக்கத்தான் அண்ணன் இல்லை.