குரலாக இருந்த கூட்டாளிகள்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் யோகேஸ்வரியின் வேலைநாள் கொழும்பிலிருந்து வரும் குரல்களோடு தொடங்கும். நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்று டீமில் ஒவ்வொருவரும் சொல்லும் சின்னக் கூட்டம் அது. ஸ்டேண்டப் என்பார்கள். சிக்னல் போதாததால் அவள் கேமராவைப் போட்டதே இல்லை.

கொழுந்து பறிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அம்மா வேலாயியால் துணையில்லாமல் எழ முடியாது. அதனால்தான் யோகேஸ்வரி வீட்டிலிருந்தே வேலை செய்யவிட்ட இந்த மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள்.

"மாட்டிக்கிட்டேன்" என்று அவள் சொன்னால் போதும், "இரு, வாறேன்" என்பாள் ஜெனீரா. பண்டாரவளைக்காரி, கொழும்பில் தங்கி அதே டீமில் வேலை பார்ப்பவள். ஒருத்தி கோட் எழுதுவாள், மற்றவள் அதே திரையைப் பார்த்துக்கொண்டே பிழை சொல்வாள். ஜெனீரா பேச்சை நிறுத்தினால் யோசிக்கிறாளா, சலித்துப்போனாளா என்பதுகூட யோகேஸ்வரிக்குத் தெரியும். முகத்தை மட்டும் நேரில் பார்த்ததில்லை.

டீம் பக்கத்து மலையூரான எல்லவுக்குச் சுற்றுலா வந்தபோது, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயியிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

"அல்லாஹ், நீ இவ்வளவு உயரமா?" என்று ஜெனீரா கட்டிக்கொண்டாள்.

தேநீர்க் கடையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆபீஸ் லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்ட கதை, எல்லோரும் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் டீம் லீடர் ஹிஷாமின் சாப்பாட்டுப் பார்சல் காணாமல்போன கதை. யோகேஸ்வரியும் சிரித்தாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. இவர்களைப் பார்க்க எத்தனை நாள் ஏங்கியிருப்பாள். இப்போது பக்கத்திலேயே இருந்தும் எட்டவில்லை.

அந்த நேரத்தில் ஹிஷாமின் போன் அடித்தது. அவர்கள் செய்துகொடுத்த ஆஸ்பத்திரிப் பதிவு ஆப், ஒரே நம்பரை இரண்டு நோயாளிக்குக் கொடுக்கிறதாம். முந்தின நாள் அனுப்பிய மாற்றத்தில் ஏதோ கோளாறு.

"யார் தப்புன்னு பொறகு பாப்பம்" என்று ஹிஷாம் லேப்டாப்பைத் திறந்தான்.

"யோகேஸ், இங்க வா" என்று ஜெனீரா பக்கத்து நாற்காலியை இழுத்தாள்.

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல பட்டன அமுக்குனா என்ன ஆகுதுன்னு பாரு" என்றாள் யோகேஸ்வரி.

"அதத்தான் பாக்கிறேன். இந்த வரி?"

"அதுக்கு மேல. நம்பர எடுக்க முந்தியே பூட்டணும், அப்பத்தான் அதே நம்பர் இன்னொருத்தருக்குப் போகாது."

தேநீர் ஆறிப்போனது. கடைக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. திருத்தி, சோதித்து, அனுப்பி முடித்தபோது ஜெனீராவின் தோள் தன் தோளோடு ஒட்டியிருப்பதைக் கண்டாள்.

வேனில் ஏறுமுன் ஹிஷாம் தயங்கி நின்றான். "அடுத்த மாசத்திலருந்து எல்லாரும் ஆபீஸுக்கு வரணுமாம். உனக்காக மேலிடத்துல பேசிப் பாத்தேன், கேக்கல."

"சரிங்க நானா."

"அம்மாவையும் கூட்டிக்கிட்டு கொழும்புக்கு வந்திரேன்" என்றாள் ஜெனீரா. கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் யோகேஸ்வரி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டாள். "நா அங்க வந்து என்ன செய்ய? நீ போ புள்ள. என்னைய நா பாத்துக்குவேன்" என்று சொல்லிக்கொண்டே வேலாயி சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள். பாதியில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யோகேஸ்வரி அந்தப் பேச்சை எடுக்கவில்லை; மாதம் முடியுமுன் வேலையை விட்டாள்.

இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. செய்யவேண்டியது எழுத்தில் வரும், முடித்ததை எழுத்தில் அனுப்புவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டிக்கொண்டால் மட்டும், அவிழும்வரை தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சில சமயம் வாய்விட்டே கேட்டுவிடுவாள், "இந்த வரியா?" என்று. "என்ன புள்ள?" என்பாள் அடுப்படியோரம் உட்கார்ந்திருக்கும் வேலாயி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனீரா போன் பண்ணுவாள். அம்மாவுக்கு எப்படி, மழையா, சாப்பிட்டியா.

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

நீ இப்ப எதுல மாட்டிக்கிட்டிருக்க என்று கேட்க யோகேஸ்வரிக்கு நாக்கு நுனிவரை வரும். கேட்க முடியாது. அது இப்போது வெளியாளிடம் சொல்லக்கூடாத கம்பெனி விஷயம். ஆனாலும் இருவருமே உடனே போனை வைப்பதில்லை.