மேட்டுக்காடு என்றொரு பாதை

அண்ணன் இறந்துபோன மூன்றாம் மாதம், அவர் வீட்டில் உட்கார்ந்து அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஓடைப்பட்டித் திராட்சை விவசாயிகளுக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த இணையச் செயலியில் ஒரு திருத்தம் கேட்டிருந்தார்கள். கை வைக்குமுன், இருப்பதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தானாகவே சரிபார்க்கும் டெஸ்ட்களை எழுதியாக வேண்டும். அவர் இருந்தவரை அந்த வேலைக்கு டிமிக்கி கொடுத்துவந்தேன்.

டெஸ்ட்டில் ஒரு பக்கத்தைத் திறக்க, செயலிக்குள் அதற்குப் போகும் பாதைக்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்ல வேண்டும். அண்ணன் வைத்ததெல்லாம் எங்கள் தோட்டத்து நிலங்களின் பெயர்கள். திராட்சை வெட்டு எப்போதும் மேட்டுக்காட்டில்தான் தொடங்கும்; அதனால் அறுவடைப் பக்கம் 'மேட்டுக்காடு'. லாரி வந்து நிற்பது புளியமரத்துக்காட்டில். லாரிப் பக்கத்துக்கு அந்தப் பெயர். அந்த மரம் விழுந்து வருஷக்கணக்காகிறது, அது வேறு விஷயம்.

இந்தப் பெயர்களுக்காகத்தான் கடைசியாகச் சண்டை போட்டோம்.

"நாளைக்கு இன்னொருத்தன் வந்து பாத்தா என்னண்ணே புரியும்? எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்துங்க."

"ஒனக்குப் புரியுதுல்ல, பெறகென்ன?" என்று சிரித்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீம்புக்கு இரண்டு வாரம் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. அடுத்து நான் போனது சாவுக்குத்தான். நெஞ்சுவலி, தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை.

திட்டினாலும் அந்தப் பெயர்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். 'மேட்டுக்காடு' என்று அடித்து ஓடவிட்டேன். அப்படி ஒரு பாதையே இல்லை என்றது. எழுத்துப் பிழையோ என்று பார்த்தேன், இல்லை. பாதைகள் அத்தனையையும் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். அறுவடைப் பக்கத்துக்கு நேரே 'ஹார்வெஸ்ட்' என்றிருந்தது. அதற்குக் கீழேயும் எல்லாம் இங்கிலீஷ். கடைசி வரியில் புளியமரத்துக்காடு மட்டும் அப்படியே நின்றது.

காபி கொண்டுவந்த மதினி எட்டிப் பார்த்தார்.

"ஒங்க அண்ணே கடைசி ரெண்டு நாளும் இதைத்தான் தம்பி மாத்திக்கிட்டிருந்தாக. 'அவன் சொல்றதும் சரிதான், முடிச்சிட்டு நானே கூப்பிடுறேன்'னாக."

பழைய பேரே இருக்கட்டும்ணே என்று நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டெஸ்ட்களில் அவர் மாற்றிய பெயர்களையே எழுதினேன். எல்லாம் பாஸ். புளியமரத்துக்காட்டை நான் தொடவில்லை. அந்த ஒன்றையும் மாற்றி முடித்திருந்தால் எனக்குப் போன் வந்திருக்கும்.