அண்ணியின் வலிக்காத கை

என் அண்ணன் பெண்டாட்டி பூங்காவனம், காஜா பேராங் சாலையோரம் ஒட்டுக்கடை போட்டு, வடை சுட்டே பிள்ளைகளை ஆளாக்கியவள். அவள் வாய்க்குப் போலீஸ்காரனே ஒதுங்கிப் போவான்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் அம்மன் கோவிலில் தீச்சட்டி எடுத்தாள். மற்றவர்கள் வேப்பிலையைக் கனமாக வைத்துப் பிடித்தும் துடித்தார்கள். அண்ணியின் இடது கையில் இலை நழுவி விழுந்தும் அவள் முகம் சுளிக்கவில்லை. ஜனங்கள் அவள் காலில் விழுந்தார்கள். மறுநாள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“ஆத்தா எங்கிட்ட வந்துட்டா, தெய்வான. கொஞ்சங்கூட வலிக்கல,” என்றாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

புண் ஆறிய பிறகு ஒருநாள் கடையில் கருகல் வாடை. பார்த்தால், அண்ணியின் இடது சுண்டுவிரல் எண்ணெய்ச் சட்டி விளிம்பில் ஒட்டியிருக்கிறது. அவளோ வடை வாங்க வந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். திருவிழாவுக்கு வந்த ஆத்தா வடைச் சட்டிக்குமா வருவாள்?

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸர் தம்பிராஜா விரலைப் புரட்டிப் பார்த்தார்.

“சூடு பட்டா முதுகுத்தண்டே உத்தரவு போட்டு கைய இழுத்துரும்மா. மூளைக்குச் சேதி போயி வலி தெரியறது அப்புறந்தான். இவங்க நரம்பு சேதியே அனுப்பல.” குரலைத் தாழ்த்தினார். “பெருவியாதி மாதிரி தெரியுது. கையோட நின்னிருந்தா, சுங்கை பூலோ குஷ்ட ஆஸ்பத்திரியில தங்கி மருந்து சாப்பிட்டுத் திரும்பிரலாம். மேல ஏறியிருந்தா என்னால சொல்ல முடியாது.”

அண்ணி இடது கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். கடைசிப் பிள்ளை இன்னும் பால்குடி.

கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்தினார். சுண்டுவிரல். சத்தமில்லை. உள்ளங்கை ஓரம். சத்தமில்லை. மணிக்கட்டு. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு குத்து. அசைவே இல்லை. ஆத்தா, இந்தப் பிள்ளைகளைப் பாரடி என்று மனசுக்குள் கத்தினேன்.

முழங்கைக்குக் கீழே குத்தியதும் கை வெடுக்கென்று பின்னால் போனது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

“ஐயோ! அடப்பாவி, குத்திட்டியேடா!”

“நல்லாத் திட்டுங்கம்மா,” என்றார் டிரஸர்.

அண்ணி என் தோளில் சாய்ந்து, “வலிக்குதுடி தெய்வான, வலிக்குது,” என்று அழுதாள். நானும் அழுதேன்.

போனாள், மருந்து தின்றாள், திரும்பியும் வந்தாள். சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை மரத்தே இருந்தது. அடுத்த திருவிழாவில், முதல் சட்டியை நீதான் எடுக்கவேண்டும் என்று கோவில்காரர்கள் வந்து நின்றார்கள்.

“நான் பொங்க வக்கிறேன்,” என்றாள் அண்ணி. “தீச்சட்டிய வலிக்கிறவங்க எடுக்கட்டும்.”