சைகலின் காலில் கட்டிய நூல்

நாரின் என்ற மலையூரின் பெண்கள் கால்பந்து அணியில் சைகலைப் போல எம்பிக் குதிக்க ஆள் கிடையாது. தலைக்கு மேலே போகிற பந்தை நெற்றியால் தட்டிவிட்டு, இறங்க மனசில்லாதவள் மாதிரி மெதுவாகத்தான் இறங்குவாள். நட்டுவைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடுவதிலும் குறை வைக்க மாட்டாள். ஆனால் நேர் ஓட்டத்துக்கு விசில் ஊதினால் முதல் அடி எழும்பாது. மற்றவர்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போவார்கள். இவள் கனவு கண்டுகொண்டு நிற்பாள். அப்புறம் ஓடி என்ன, ஓடாமல் என்ன?

பயிற்சியாளர் குல்சினா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "தலைநகர்ப் போட்டிக்கு வலது ஓரத்துல ஒரு இடம்தான் இருக்கு. நீயா மேரிமான்னு நாளைக்கு ஓடவிட்டுப் பாத்துடுறேன்." மேரிம் சைகலின் தோழி, அணியிலேயே வேகக்காரி. சைகலுக்கோ அந்த இடத்தைத் தவிர உலகத்தில் வேறு ஆசையே இல்லை.

விஷயத்தைக் கேட்ட அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுடி. நீ நடக்க ஆரம்பிச்சப்பதான் உங்கப்பா போய்ச் சேந்தாரு. அந்தத் துக்கத்துல உனக்கு நூல் அறுக்கவே இல்ல. காலு இன்னும் கட்டுலதான் கெடக்கு."

நடை பழகும் பிள்ளையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய கம்பளி நூலால் கட்டுவார்கள். தூரத்திலிருந்து ஓடிவருகிறவர்களில் முந்தியவர் அதை அறுப்பார். அவருடைய ஓட்டம் பிள்ளைக்கு வந்து சேரும். இதைச் செய்யாத வீடு உண்டா? இருபது வயசுக் கழுதைக்குச் செய்த வீடுதான் கிடையாது.

சாயங்காலம் நூல், கத்தி, ஒரு மூட்டை போர்சோக் பலகாரத்தோடு அம்மா மைதானத்துக்கே வந்துவிட்டாள்.

"பாப்பா, அழாம நில்லு, என்ன?" என்று சீண்டிவிட்டு, பெண்கள் எல்லோரும் எதிர்க் கோல் கம்பத்துக்குப் போனார்கள்.

கட்டிய காலோடு சைகல் நின்றாள். வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. பொன் நிறப் புழுதிக்குள் அவர்கள் சத்தமே இல்லாமல் மிதந்து வந்தார்கள். முன்னால் மேரிம். இப்போது வேகத்தைக் குறைத்துவிடுவாள் என்று சைகல் நினைத்தாள். நாளைக்கு எதிராக ஓடப்போகிறவளுக்கு யார் தன் ஓட்டத்தைத் தூக்கிக் கொடுப்பார்கள்? மேரிமின் இடத்தில் சைகல் இருந்திருந்தால் நிச்சயம் கால் தளர்ந்திருக்கும். அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மேரிம் குறைக்கவில்லை. மூச்சிரைக்க மண்டியிட்டு நூலை அறுத்தாள். வழக்கப்படி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். சைகலின் கால் தானாக எழும்பியது. இருவரும் மைதானம் முழுக்க ஓடினார்கள்.

மறுநாள் காலை விசில் ஊதியபோது, சைகலுக்குத் தெரியும் முன்பே கால் கிளம்பிவிட்டது. கடைசிவரை மேரிமைவிட அரை அடி முன்னாலேயே இருந்தாள். குல்சினா அவள் பெயரைத்தான் சொன்னாள்.

மேரிம் ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சைகல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நேத்து நீ கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாமேடி."

"கால கட்டிக்கிட்டு நிக்கிற பிள்ளை முன்னாடி யாராச்சும் மெதுவா ஓடுவாங்களா?" என்றாள் மேரிம். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.