மேட்டுக்குப் படிக்கப் போன கேப்டன்

டார்லீன் மக்ஃபீ முப்பத்தாறு வயதில் காலேஜில் சேர்ந்தது கோபத்தில்தான். அதை அவளே ஒத்துக்கொள்வாள், கொஞ்சம் பெருமையாகவே.

கிரேடி கோவ் என்ற கடலோர ஊரின் கூடத்தில் பிப்ரவரி மாதம் ஒரு கூட்டம். அரசாங்கத்திலிருந்து ஒருவர் வரைபடங்களோடு வந்திருந்தார். முட்டை சுமக்கும் சிங்கி இறால் வருஷா வருஷம் குறைகிறது, அதனால் கலங்கரை விளக்கம் தொடங்கிப் பன்றிமுதுகுப் பாறை வரைக்கும் விரிகுடா முழுவதையும் ஐந்து வருஷம் மூடிவைக்க யோசனை இருக்கிறது என்றார். கூடத்தில் இருபத்திரண்டு படகுக்காரர்கள் இருந்தார்கள். விரிகுடாவை மூடினால் அதில் பாதிப் பேர் படகை விற்றுவிட்டு நாட்டின் மறுகோடியில் ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வயல் வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

டார்லீன் எழுந்து நின்றாள். அப்பா ரோரி இறந்துபோனதிலிருந்து ஏழு வருஷமாக அவருடைய படகு அவள் கையில். அந்தக் கரையிலேயே கேப்டனாக இருந்த ஒரே பெண் அவள்தான். சிங்கி பிடிக்கக் கடலில் இறக்கும் கூண்டில் முட்டைச் சிங்கி ஏறினால் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் விட்டார்கள். டார்லீன் விடுவதற்கு முன்னால் என்ன தேதி, எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், அதன் ஓட்டில் என்ன வடு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கணக்காக இருப்பது அவள் சுபாவம், அவ்வளவுதான்.

"குறையலைங்க. ஏழு வருஷமா நான் எழுதி வெச்சிருக்கேன். நோட்டெல்லாம் வண்டியில கெடக்கு, எடுத்துட்டு வரவா?"

அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். "ரொம்ப நன்றிம்மா. ஆனா இதெல்லாம் அனுபவத்துல சொல்றது. விஞ்ஞானம் வேற. அதுக்குன்னு ஒரு பயிற்சி வேணும் பாருங்க."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். தன் அண்ணன் அலெக்தான் அது என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பனியில் ஐம்பது நிமிஷம் வண்டியோட்டி மேட்டுக்குப் போனாள். அந்தப் பல்கலைக்கழகத்தை மேடு என்றுதான் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். மொத்தமே ஆயிரத்து இருநூறு மாணவர்கள். குளிர்காலத்தில் யாரும் வெளியே தலைகாட்ட வேண்டாதபடி ஒரு கட்டடத்தையும் இன்னொன்றையும் மூடிய நடைபாதையால் தைத்திருப்பார்கள். உள்ளே எந்நேரமும் ஈரக் காலுறை வாசமும் காப்பி வாசமும் கலந்து வீசும். சேர்க்கை அலுவலகத்தில் இருந்த பெண் விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்தாள்.

"நீங்க யாரு மவ?"

"கோவ்ல ரோரி மக்ஃபீ மவ."

"அட, அந்தச் சிவப்புப் படகுக்காரரா? எங்க சித்தப்பா அவருகூட கடலுக்குப் போயிருக்காரு. என்ன படிக்கப் போறீங்க?"

"கடல் உயிரியல். ஒரு ஆளுக்குப் பதில் சொல்லணும்."

அந்தக் காரணத்துக்குப் படிவத்தில் இடம் இல்லை.

செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை மேடு, மே ஒன்றிலிருந்து கடல் என்று அவள் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. வகுப்பில் பதினெட்டுப் பேர். அவளுக்கு அடுத்து வயதான பையனுக்கு இருபத்திரண்டு. அவர்கள் அவளைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். முதல் வருஷம் ஆய்வுக்கூடத்தில் மருந்துநீரில் ஊறிய ஒரு சிங்கியை அறுக்கக் கொடுத்தபோது, ஆண் என்று சீட்டு ஒட்டியிருந்ததைப் புரட்டிப் பார்த்து, "இது பொம்பளைங்க. வாலுக்கடியில பாருங்க" என்றாள். சீட்டை மாற்றினார்கள். ஆனால் வேதியியல் அவளை அழவைத்தது. கணக்கு அதைவிட மோசம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மறந்துபோன இயற்கணிதத்தை, கூண்டு வலை பின்னிக்கொண்டே, எதிரே புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தாள்.

படகுத்துறையில் பேச்சுக்குக் குறைவில்லை. "புரொபசரம்மா, இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்னு புஸ்தகத்துல போட்டிருக்கா?" என்பார்கள். அலெக் இன்னும் ஒரு படி மேலே போவான். "பட்டம் வாங்கினா சிங்கி தானா கையத் தூக்கிட்டு ஏறி வருமாம்ல?"

"உன் கூண்டுல எப்படியும் ஏறாது அண்ணே, பட்டம் இருந்தாலும் இல்லாட்டியும்" என்பாள் டார்லீன்.

மூன்றாம் வருஷம் ஏப்ரலில்தான் பெரிய சண்டை வந்தது. பரீட்சை வாரத்தில் இரண்டு நாள் விடாமல் பனிப்புயல். நின்றுபோன பரீட்சைகளையெல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளினார்கள். புள்ளியியல் பரீட்சை ஏப்ரல் முப்பது, காலை பத்து மணி. அந்த வருஷம் கூண்டு போடும் நாளும் அதுதான். அன்றைக்கு விடியலில் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும். யார் முதலில் போடுகிறார்களோ அவர்களுக்கு அந்த இடம். அன்று வீட்டில் இருந்த கேப்டன் அந்தப் பருவத்தையே இழந்த மாதிரி.

தேர்வு அலுவலகத்துக்குப் போய் வேறு நாள் கேட்டாள். அங்கிருந்த அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நோய், குடும்பத்துல சாவு, மதப் பண்டிகை, பல்கலைக்கழக அணிக்கு விளையாட்டுப் போட்டி. இதுக்குத்தாங்க வேற நாள் தர முடியும். மீன்பிடி பட்டியல்ல இல்லை."

"ஹாக்கி அடிக்கப் போறவனுக்கு உண்டு, சோத்துக்குக் கடலுக்குப் போறவளுக்கு இல்லையா?"

"நான் சட்டம் எழுதலைங்க."

"அப்ப எழுதினவங்க யாருன்னு சொல்லுங்க. அங்க போறேன்."

அதற்கு அன்று நேரம் இல்லை. முப்பதாம் தேதி விடியலில் முதல் நடையாக நூற்று முப்பது கூண்டுகளைப் பன்றிமுதுகில் இறக்கினாள். விரிகுடாவின் மற்ற இடங்களில் போட வேண்டிய மீதியைத் தன்னோடு படகில் வேலைசெய்யும் சித்தப்பா மகன் பெர்னியிடம் ஒப்படைத்துவிட்டு, மேலுக்குப் போட்ட ரப்பர் உடுப்பைக் கழற்றக்கூட நிற்காமல் வண்டியை முடுக்கினாள். தேர்வு அறை வாசலில் வந்து நின்றபோது மணி பத்து ஐம்பது. அரை மணிக்கு மேல் தாமதமானால் உள்ளே விடக்கூடாது என்பது விதி.

வாசலுக்கு வந்தவர் புள்ளியியல் விரிவுரையாளர் க்ரேக் டூசெட். இருபத்தொன்பது வயது, வேலை இன்னும் நிரந்தரமாகாதவர். "டார்லீன், என்னால முடியாது. உள்ள விட்டா எம்மேல புகார் வரும்" என்றார் தணிந்த குரலில்.

"உள்ள விட வேணாம் சார். கேள்வித்தாளைக் குடுங்க."

"அது செல்லாதே."

"செல்லாட்டி போவுது. எனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஒரு கேள்வித்தாளையும் நாலு வெள்ளைத் தாளையும் தரையில் வைத்துவிட்டு, யாரோ தவறவிட்டதைப் போல உள்ளே போய்விட்டார். டார்லீன் நடைபாதைச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து எழுதினாள். இரைக்கு வைத்த கானாங்கெளுத்தி மீனின் நாற்றம் அவள் உடுப்பிலிருந்து பாதை முழுக்கப் பரவியது. போகிறவர் வருகிறவரெல்லாம் மூக்கைப் பிடித்தார்கள். வீங்கிச் சிவந்த விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை. ஒரு மணி வரை எழுதி, தாள்களைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுக் கடலுக்குத் திரும்பினாள்.

அலுவலகம் பூஜ்ஜியம் போட்டது. டூசெட் தனியாகத் திருத்தி எழுபத்தெட்டு என்று அஞ்சலில் அனுப்பிவைத்தார். எழுபத்தெட்டு எதற்கும் உதவவில்லை. மறுவருஷம் அதே பாடத்தை முதலிலிருந்து உட்கார்ந்து படித்தாள். ஆனால் அதற்கு முன், அந்தக் கோடையிலேயே, மேட்டில் படிக்கும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கி, அக்டோபரில் ஆட்சிக்குழுவின் முன்னால் போய் நின்றாள். "இந்தக் காலேஜுக்கு ஒவ்வொரு செங்கலும் எங்க கடல் காசுலதான் வந்துச்சு. வருஷத்துல ஒரு நாள் எங்களுக்குக் குடுங்க" என்றாள். மூன்று கூட்டம் இழுத்தடித்தார்கள். டார்லீன் மூன்றுக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கடைசியில் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்தது: கூண்டு போடும் நாள்.

கடைசி வருஷம் சொந்தமாக ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அவளுடைய நோட்டுகள் அதற்குள் பன்னிரண்டு ஆகியிருந்தன. மீன் எண்ணெய்க் கறையும் உப்பும் படிந்த அந்தப் பக்கங்களிலிருந்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். இலையுதிர்காலம் முழுக்க அதற்கே சரியாகப் போயிற்று. நவம்பரில் விடை வந்தது. அவள் சொன்னது சரிதான். விரிகுடாவில் முட்டைச் சிங்கி குறையவே இல்லை. அரசாங்கம் எண்ணின இடங்கள்தான் தப்பு.

ஆனால் வரைபடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. முட்டைச் சிங்கிகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் குவிந்துகிடந்தன. பன்றிமுதுகின் வடக்கு முனையில், ஒரு மைல் நீளத்துக்கு. வடுக் குறிப்புகளை ஒப்பிட்டால், அங்கே ஒவ்வொன்றும் ஒரே பருவத்தில் நாலு தடவை, ஐந்து தடவை கூண்டில் ஏறி, கையில் அகப்பட்டு, வெயிலில் கிடந்து, முட்டையைப் பாதி உதிர்த்துவிட்டுத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. வருஷா வருஷம் முதலில் போய்க் கூண்டு போட்டு மக்ஃபீ குடும்பம் தக்கவைத்த இடம் வடக்கு முனை. அவளும் அலெக்கும் மட்டும்தான் அங்கே கூண்டு போட்டார்கள்.

நாலு தடவை கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். நாலு தடவையும் வடக்கு முனைதான்.

ஆய்வுக் கணக்கில் அவளுக்கு வழிகாட்டிய டூசெட் படத்தைப் பார்த்தார். "டார்லீன், வேணும்னா விரிகுடா மொத்தக் கணக்கோட நிறுத்திக்கலாம். பட்டத்துக்கு அதுவே தாராளம். இடவாரியா பிரிச்சுக் காட்டணும்னு யாரும் கேக்கப்போறதில்ல."

"தெரிஞ்சும் சொல்லாம விட்டா, நான் எதுக்கு சார் அஞ்சு வருஷம் இங்க வந்து சீரழிஞ்சேன்?"

ஊரார் முன்னால் சொல்வதற்கு முன் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அலெக் தன் கொட்டகையில் அடுப்பை மூட்டிவிட்டுக் கூண்டுகளுக்குப் புது மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"எவளாவது தன் வீட்டுக் கூரைய தானே பிரிப்பாளா?"

"நான் சொல்லாட்டி மொத்த விரிகுடாவையும் மூடிருவாங்க அண்ணே. நம்ம முனைய விட்டா மத்த இருபது படகும் பொழைக்கும்."

"மத்தவனா உனக்குச் சோறு போடறான்? அது அப்பா இடம்."

"அப்பா இடத்துலதான் முட்டைச் சிங்கியச் சாவடிச்சிட்டு இருக்கோம். இன்னும் பத்து வருஷம் போனா அங்க ஒண்ணும் இருக்காது."

"மேட்டுக்குப் போயி நல்லாத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கே. வெளிய போ."

"கொட்டகைய விட்டுப் போறேன். கணக்கு போவாது."

விரிகுடாவை மூடும் அரசாங்க யோசனை ஐந்து வருஷமாக ஆய்வில் கிடந்து அந்த பிப்ரவரியில் கடைசிக் கூட்டத்துக்கு வந்தது. அதே கூடம். இந்த முறை வந்தது வேறு ஓர் அதிகாரி, ஒரு பெண்மணி. டார்லீன் தன் வரைபடங்களைத் திரையில் போட்டு இருபது நிமிஷம் பேசினாள்.  நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். வடக்கு முனைப் படம் வந்ததும் தலைகள் அலெக் பக்கம் திரும்பின. அது யாருடைய இடம் என்று அங்கே தெரியாதவர் இல்லை. அலெக் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, மேல்கோட்டைக்கூட எடுக்காமல் பனியில் இறங்கிப் போனான்.

அதிகாரி அவளுடைய நோட்டுகளைக் கேட்டார். "பிரதி தரேன், மூலம் தர மாட்டேன்" என்றாள் டார்லீன். "இன்னொண்ணு. அடுத்த கணக்கெடுப்புல எங்க படகுங்களும் இருக்கணும். எங்களை வெச்சுக்கிட்டு எண்ணுங்க, எங்களுக்குத் தெரியாம எண்ணாதீங்க."

ஏப்ரலில் உத்தரவு வந்தது. விரிகுடா திறந்தே இருக்கும். வடக்கு முனை மட்டும் மூடல். சிலர் அவள் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் கடையில் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார்கள், உத்தரவால் பிழைத்தவர்களிலும் சிலர். பருவம் தொடங்கி ஒன்பதாம் நாள் அவளுடைய பன்னிரண்டு கூண்டுகளின் மிதவைக் கயிறுகளை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். அவள் படகில் நின்றபடியே ரேடியோவை எடுத்தாள். எல்லாப் படகும் கேட்கும் பொது அலைவரிசை அது.

"நான் டார்லீன் மக்ஃபீ பேசறேன். என் கயித்த அறுத்தவன் கேட்டுக்கடா. வீட்டுல இன்னும் நாப்பது கூண்டு இருக்கு. நாளைக்குக் காலையில அதே இடத்துல போடுவேன். தைரியம் இருந்தா நான் போடறப்ப வா."

 மறுநாள் போட்டாள். யாரும் வரவில்லை.

மே பதினெட்டு பட்டமளிப்பு விழா. கூண்டு போடும் நாளுக்குப் பரீட்சைச் சலுகை வாங்கிக்கொடுத்தவள் அன்று கூண்டு தூக்கிக்கொண்டிருந்தாள். மேடையில் அவள் பெயரை வாசித்தபோது பின்னால் இருந்த மாணவர்கள் "கேப்டன் கடல்ல இருக்காங்க!" என்று கத்தினார்களாம். டூசெட் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார். அந்த வருஷம்தான் அவருக்கும் வேலை நிரந்தரமாகியிருந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள் அலெக்கின் படகு இயந்திரம் கலங்கரை விளக்கத்துக்கு வெளியே நின்றுபோயிற்று. காற்று கரைப் பாறைகளின் பக்கம் தள்ளியது. பக்கத்தில் இருந்தது டார்லீன் மட்டும்தான். அவன் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. கயிற்றை எறிந்தாள், அவன் பிடித்துக் கட்டினான். துறை வரும்வரை இரண்டு மணி நேரம் அவன் படகை இழுத்துவந்தாள். கரையில் ஏறிய பிறகு அலெக் அவள் படகின் பின்பக்கத்தைப் பார்த்தபடி சொன்னான்:

"உன் படகு இடதுபக்கமா இழுக்குது. சுக்கானப் பாத்துக்க."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

"செப்டம்பர்ல மறுபடியும் மேட்டுக்குப் போறேன் அண்ணே. மேல படிக்க. தெற்கு முனைக் கணக்கு எடுக்கணும், உன் படகு எனக்கு வேணும்."

அலெக் துறைப்பலகையில் காறித் துப்பினான். "மொதல்ல இயந்திரம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கருவிப்பெட்டியை எடுக்கப் போனான்.