ஒட்டகம் துப்பிய சட்டை

என் பீரோவில் ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறது. மார்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறை. ஒட்டகம் துப்பியது. அதைக் கரித்துணியாக்க என் மனைவி ஒரு காலத்தில் நிறையப் போராடியிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்கு அருகே கால்நடை மருத்துவராக இருந்தேன். மாடு, ஆடு, கோழி என்று நிம்மதியாக ஓடிய பிழைப்பில், ஒரு மாட்டுப் பொங்கலன்று ஒட்டகக்காரர் வந்து நின்றார். உள்கிராமத்து விவசாயி. டிராக்டர் வந்ததும் உழவு மாடுகளை விற்றுவிட்டு, கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட ஓர் ஒட்டகத்தை வாங்கியிருந்தார்.

"மூணு நாளா எய்ந்துக்கல சார். முதுவு டேங்க்ல தண்ணி காலி, சாஞ்சிகினு கீது," என்றார். கண் கலங்கியிருந்தது. அது சாப்பிடாததால் அவரும் சாப்பிடவில்லையாம்.

போய்ப் பார்த்தேன். படுத்திருந்த ஒட்டகத்தின் கழுத்தில் சலங்கை, நெற்றியில் குங்குமம். கொம்பு இல்லாத குறைக்குத் திமிலுக்குப் பச்சையும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்திருந்தார். முன்னால் கழுநீர், பிண்ணாக்கு, பசும்புல், வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல். ஒரு மாட்டுக்குச் செய்யவேண்டிய அத்தனையும் செய்திருந்தார். அது மாடு இல்லை என்பதுதான் ஒரே சிக்கல்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? கல்லூரிப் புத்தகத்தில் ஒட்டகத்துக்கு இரண்டே பக்கம். செங்கல்பட்டுக்காரனுக்கு இது எதற்கு என்று புரட்டித் தள்ளியவன் நான். மண்டையில் ஒட்டியிருந்ததைச் சொன்னேன். திமிலில் இருப்பது கொழுப்பு. தீனி இறங்காவிட்டால் அது கரைந்து சாயும். பாலைவனத்தில் ஒட்டகம் தாக்குப்பிடிப்பது தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழித்து. உடம்பு சூடேறினாலும் சட்டென்று வியர்க்காது. வெளியே விடும் மூச்சின் ஈரத்தைக்கூட மூக்கு பிடித்து வைத்துக்கொள்ளும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு வருசமா நான் ஊத்துன கழுநீர்லாம் எங்க சார் பூட்ச்சி?" என்றார். அந்த இரண்டு பக்கத்தையும் மனத்துக்குள் மறுபடி புரட்டிப் பார்த்தேன்.

பிறகு அவரே புலம்பினார். "கட்டு அவுந்தா உப்புத் தண்ணி நிக்கிற கழிவெளி பக்கமே ஓடுது சார். அங்க இன்னா கீது? உப்புக் கரிக்கிற உமிரிச் செடியும் வேலிகாத்தான் முள்ளும். நம்ம புல்ல வுட்டுட்டு அத்தப் போயி துன்னுது. அதான் போன மாசத்துலேந்து இறுக்கிக் கட்டிட்டேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாலைவனத்தின் உவர் மண்ணில் முளைக்கும் செடிகள் உப்பைத் தமக்குள் வாங்கிக்கொண்டே பிழைக்கின்றன. அவற்றைத் தின்று பழகிய ஒட்டகத்துக்கு மாட்டைவிடப் பல மடங்கு உப்பு வேண்டும். ராஜஸ்தானத்து ஜீவன் நம் கழிவெளியில் தனக்கான சாப்பாட்டைக் கண்டுபிடித்திருக்கிறது. இவர் அதைக் கட்டிப்போட்டு உபசாரம் செய்துகொண்டிருந்தார்.

சொன்னதும் ஓடினார். கையெல்லாம் முள் கீறி ரத்தம் வர, ஒரு கட்டு உமிரியும் முள்ளுமாகத் திரும்பினார். ஒட்டகம் முகர்ந்தது. ஒரு வாய் கடித்தது. பிறகு நிறுத்தவே இல்லை. சாயங்காலம் அது அசைபோடத் தொடங்கியபோது, வாயில் முள் குத்தியிருக்கிறதா என்று குனிந்தேன். துப்பிவிட்டது.

"துப்பிட்ச்சி சார்! துப்பிட்ச்சி!" என்று அவர் குதித்தார். மூன்று நாளாக அதற்குத் துப்பக்கூடத் தெம்பில்லையாம். மறுநாள் எழுந்து நின்றது.

ஏழெட்டு வருடம் கழித்து வயதாகி அது செத்துப்போனது. அடுத்த வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"அந்தச் சட்ட இன்னும் கீதா சார்? ஒரு தபா காட்டேன்."

மடியில் விரித்துக் கறையைத் தடவினார். முகர்ந்து பார்த்தார். "உமிரி வாசன இன்னும் கீது சார்," என்றார். எனக்கு அந்துருண்டை வாசனைதான் வந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, அன்றிலிருந்து கரித்துணிப் பேச்சையே எடுப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்துருண்டை மாற்றி வைப்பதும் அவள்தான்.